செட்டிநாட்டில் இறப்புச் சான்றிதழ் பெறுவது எப்படி

இறப்புச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு, 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் தரும் விடை ஒரே வரியில் அடங்கிவிடும்: உயிர் எந்த எல்லைக்குள் பிரிந்ததோ, அந்த எல்லைக்குரிய பதிவாளரிடம். இறந்தவரின் சொந்த ஊர் எது, வீடு எங்கே இருக்கிறது, தகனம் எங்கே நடந்தது, குடும்ப அட்டை எந்த முகவரியில் உள்ளது என்பவற்றைச் சட்டம் பார்ப்பதில்லை. செட்டிநாட்டுக் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பெரியவர் கடைசி நாட்களில் மதுரை மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்படுகிறார். அங்கே உயிர் பிரிந்தபின் உடல் ஊருக்கு வருகிறது. கேதம் கேட்க வருபவர்கள் ஊர் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். காரியமும் ஊர் மயானத்தில்தான் முடிகிறது. எல்லாம் ஊரில் நடந்திருப்பதால் சான்றிதழும் ஊரில்தான் கிடைக்கும் என்று வீட்டார் நினைப்பது இயல்பே. ஆனால் மதுரை மாநகராட்சி எல்லைக்குள் நேர்ந்த இறப்பைக் கானாடுகாத்தான் பேரூராட்சியோ, ஆத்தங்குடியின் கிராம நிர்வாக அலுவலரோ பதிவு செய்ய இயலாது.

தெரிந்தவர் மூலம் சொல்லி, ஊரிலேயே இறந்ததாக எழுதிவிடலாம் என்று சிலர் யோசனை கூறுவார்கள். அதை ஏற்க வேண்டாம். மருத்துவமனை தன் கடமையாக அந்த இறப்பை மதுரையில் ஏற்கெனவே தெரிவித்திருக்கும். ஒரே மனிதருக்கு இரண்டு ஊர்களில், இரண்டு பதிவு எண்களில், இரண்டு சான்றிதழ்கள் உருவாகிவிடும். பின்னாளில் வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ இரண்டையும் ஒருசேரப் பார்க்கும்போது குடும்பம் பதில் சொல்ல முடியாமல் நிற்கும். தெரிந்தே பொய்த் தகவல் தருவது அந்தச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

ஊர்ப் பெயர் சான்றிதழில் இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதற்கு வழியும் இருக்கிறது. சான்றிதழில் இறந்த இடம் என்ற பத்தியைத் தவிர, இறக்கும்போது வசித்த முகவரி, நிலையான முகவரி என இரண்டு பத்திகள் தனியாக உள்ளன. நிலையான முகவரியில் ஊர் வீட்டின் கதவு எண், தெரு, ஊர், வட்டம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால், மதுரையில் பதிவான சான்றிதழும் அவரை இந்த ஊர்க்காரராகவே காட்டும். பாகப்பிரிவினையின்போதும் பட்டா மாற்றத்தின்போதும், பத்திரத்தில் உள்ள மனிதரும் சான்றிதழில் உள்ள மனிதரும் ஒருவரே என்று நிறுவ இந்தப் பத்தி பெரிதும் உதவுகிறது. மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போது அவசரத்தில் மகனுடைய சென்னை முகவரியை இரண்டு பத்திகளிலும் எழுதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அந்த ஐந்து நிமிடம் நிதானமாக இருக்கக்கூடிய உறவினர் ஒருவரை, அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பதிலாக, படிவத்தின் அருகே நிறுத்துவது நல்லது.

செட்டிநாட்டுக்குள் நேர்ந்த இறப்பு என்றால் உள்ளாட்சியின் வகையைப் பொறுத்து அலுவலகம் மாறும். கிராம ஊராட்சிப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றில் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவை அணுக வேண்டும். தேவகோட்டைக்கு நகராட்சி, பள்ளத்தூருக்கும் புதுவயலுக்கும் அவற்றின் பேரூராட்சிகள் என்று கொள்ளலாம். காரைக்குடி 2024-ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தபோது கோட்டையூரும் கண்டனூரும் அதனோடு இணைந்ததால், அங்கே நேர்ந்த இறப்புகளுக்கு, பழையனவாயினும் புதியனவாயினும், முதலில் மாநகராட்சி அலுவலகத்தில் விசாரிப்பதே முறை. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரவியிருப்பதையும் மறந்துவிடக் கூடாது. இராயவரமும் கடியாபட்டியும் காரைக்குடியோடு எவ்வளவு நெருங்கிப் புழங்கினாலும், அவை புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள். மேல்முறையீடும், ஓராண்டு கடந்த பதிவுக்கு வேண்டிய கோட்டாட்சியர் ஆணையும் அந்த மாவட்டத்தில்தான்.

மருத்துவமனையில் இறப்பு நேர்ந்தால் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு மருத்துவமனைக்கு உரியது. விடுதியிலோ சத்திரத்திலோ நேர்ந்தால், அந்த இடத்தின் பொறுப்பாளர் தெரிவிக்க வேண்டும். காசி யாத்திரைக்குச் சென்ற முதியவர் அங்குள்ள, செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தாரின் சத்திரத்தில் காலமானால், பதிவும் சான்றிதழும் வாரணாசியில்தான். அங்கிருந்து புறப்படும் முன்பே சத்திரப் பொறுப்பாளரிடம் விவரங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு வருவது, பிறகு ஆயிரம் மைல் தொலைவிலிருந்து அலைவதைத் தவிர்க்கும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு ஆம்புலன்சில் கொண்டு செல்லும் வழியில் உயிர் பிரிந்துவிட்டால், ஓடும் வாகனத்தில் நேர்ந்த இறப்பு என்ற வகையில், வண்டி அதன்பின் முதலில் நிற்கும் இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபின் அங்குள்ள மருத்துவர் இறப்பை உறுதி செய்தால், அவர் எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் பதிவு என்ற கேள்வி எழும்போது அந்தச் சீட்டுதான் பேசும். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் ஆகியவற்றில் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை விவரமும் தேவைப்படும்.

வீட்டில் நேர்ந்த இறப்பு

வீட்டில் இயற்கையாக இறந்தவரைப் பற்றித் தெரிவிக்க வேண்டியவர் குடும்பத் தலைவர். அவர் இல்லாதபோது நெருங்கிய உறவினர். தெரிவிக்க 21 நாள் கால அவகாசம் உண்டு. அதற்குள் தெரிவித்தால் கட்டணமே இல்லை. முதல் சான்றிதழும் இலவசம். பதிவு முடிந்த 7 நாட்களுக்குள் அதைத் தந்துவிட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்ப் பிழைக்கும் குடும்பங்களில், கணவரை இழந்த பெண்ணுக்கு உதவித்தொகை விண்ணப்பம் முதல் தொழிலாளர் நல வாரிய உதவி வரை எல்லாவற்றுக்கும் இந்தத் தாள்தான் முதல் படி. துக்க வீட்டில் வந்து, சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இருபத்தொரு நாள் நீண்ட காலமாகத் தோன்றும். உண்மையில் கருமாதி முடியும் வரை யாரும் அலுவலகத்தை நினைப்பதில்லை. முடிந்ததும் வெளியூர்ப் பிள்ளைகள் விடுப்பு தீர்ந்து கிளம்பிவிடுகிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டால், அடுத்து ஊருக்கு வருவது திருவிழாவுக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோதான். ஆகவே உறவினர் எல்லோரும் ஊரில் இருக்கும் அந்த நாட்களிலேயே, ஒருவர் இதற்கென்று பொறுப்பேற்று, கிராம நிர்வாக அலுவலரையோ பேரூராட்சியையோ பார்த்துவிட வேண்டும். காரியங்களுக்கு இடையே அலுவலகம் போவது முறையல்ல என்று தயங்குபவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இறந்தவரின் பெயரையும் நாளையும் பிழையின்றிப் பதிய வைப்பதும் அவருக்குச் செய்யும் கடமைகளில் ஒன்றே.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. இறந்தவரின் ஆதார் அட்டை, தகவல் தருபவரின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, கடைசியாக வைத்தியம் பார்த்த மருத்துவர் இருந்தால் அவர் தரும் இறப்புக் காரணச் சான்று, மயான ரசீது தரும் ஊராக இருந்தால் அந்த ரசீது ஆகியவை பெரும்பாலும் போதுமானவை. தகவல் தருபவர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தாரிடம் விசாரிப்பதும் உண்டு.

இறப்புக் காரணம் பற்றிக் குழப்பம் வேண்டாம். சான்றிதழில் இறப்புக்கான காரணம் அச்சிடப்படாது. அதை வெளியிடக் கூடாது என்பது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. காப்பீட்டு நிறுவனம் காரணத்தைக் கேட்டால், மருத்துவர் தரும் காரணச் சான்றின் பிரதியைத்தான் காட்ட வேண்டும். நெருங்கிய உறவினருக்கு அந்தப் பிரதியைத் தர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுவதால், மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெயரும் விலாசமும்

சான்றிதழில் பிழை நுழைவது பெரும்பாலும் பெயர்ப் பத்தியில். நகரத்தார் வழக்கில் ஒருவர் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்து மட்டும் நிற்பதில்லை. பாட்டன், பூட்டன் பெயர்களும் சேர்ந்த விலாசம் நிற்கும். வீட்டுப் பத்திரத்தில் ‘ராம. சித. மெய்யப்ப செட்டியார்’ என்றிருப்பவர், ஆதாரில் ‘சி. மெய்யப்பன்’ என்றும், வங்கிக் கணக்கில் ‘மெய்யப்பன் சிதம்பரம்’ என்றும் இருப்பார். பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. பழைய பத்திரத்தில் ‘மீனாட்சி ஆச்சி’, ஆதாரில் ‘மீனாள்’, தபால் அலுவலகக் கணக்கில் கணவரின் விலாசத்தோடு ‘மீனாட்சி மெய்யப்பன்’. மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

இதற்கு முழுமையான தீர்வு இல்லை. ஆனால் சேதத்தைக் குறைக்கலாம். பெயர்ப் பத்தியில் ஆதாரில் உள்ள பெயரையே கொடுக்க வேண்டும். வங்கி, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் அதைக் கொண்டுதான் ஒப்பிடுகின்றன. சொத்துப் பத்திரத்தில் பெயர் வேறாக இருந்தால், இரண்டு பெயருக்கும் ஆவணம் காட்டி, ‘என்கிற’ என்று சேர்த்து எழுத முடியுமா என்று பதிவாளரிடம் கேட்கலாம். அவர் இயலாது என்றால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வாரிசுகள் நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதைச் சான்றிதழோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டியிருக்கும். சுவீகாரம், அதாவது தத்து, வந்தவர் என்றால், தந்தை பெயர்ப் பத்தியில் சுவீகாரம் எடுத்த தந்தையின் பெயரே வர வேண்டும். பெற்ற தந்தையின் பெயரும் பழைய பள்ளிச் சான்றில் இருக்கக்கூடும் என்பதால், சுவீகாரப் பத்திரத்தின் நகலைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படுவதால் இரண்டு எழுத்துகளையும் சரிபார்க்க வேண்டும். தமிழில் சரியாக இருந்து, ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடிப்போன சான்றிதழ்கள் பல. பதிவேற்றம் செய்யும் முன் கணினித் திரையைக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்ப்பதில் தவறேதும் இல்லை.

பதிவு முடிந்தபின் தமிழக அரசின் பிறப்பு இறப்பு பதிவு இணையதளத்தில், பதிவு எண்ணையோ விவரங்களையோ கொடுத்துச் சான்றிதழைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். 2018 முதலான பதிவுகள் பொதுவாக இதில் கிடைக்கின்றன. அதில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கொண்டு எவரும் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கலாம் என்பதால், பச்சை மையில் கையொப்பம் வேண்டும் என்று யாரேனும் வற்புறுத்தினால் அந்தக் குறியீட்டைக் காட்டிப் பேசலாம்.

காலம் தாழ்ந்தால்

21 நாள் கடந்து 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும் செலுத்திப் பதிவு செய்யலாம். 30 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால், மாவட்டப் பதிவாளரோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்தில் தரும் அனுமதி வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால், இறப்பு நேர்ந்த எல்லைக்குரிய வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டங்களுக்கு அது தேவகோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகம். முன்பு இதற்கு நீதித்துறை நடுவர் மன்றம் செல்ல வேண்டியிருந்ததால், இன்றும் சிலர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். முதலில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம்.

கோட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கும் முன், அந்த இறப்பு உண்மையிலேயே பதிவாகவில்லை என்பதற்கான சான்றைப் பதிவாளரிடம் பெற வேண்டும். அதோடு விண்ணப்பதாரரின் உறுதிமொழி, இறந்த நாளைக் காட்டும் ஆவணம், ஊரில் இறப்பை நேரில் அறிந்தவர்களின் வாக்குமூலம் ஆகியவை தேவைப்படும். வட்டாட்சியர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை பெறப்பட்டபின் ஆணை பிறக்கும். இறந்த நாளைக் காட்ட என்ன இருக்கிறது என்று பலர் கையைப் பிசைகிறார்கள். அச்சடித்த கருமாதிப் பத்திரிகை, நாளிதழில் வெளியிட்ட கண்ணீர் அஞ்சலி, மருத்துவமனைச் சீட்டு, ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட கடிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று எந்த வீட்டிலும் பீரோவுக்குள் கிடக்கும். குலக் கோயிலின் புள்ளிக் கணக்கு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பதிவேடு) நாளை நினைவுபடுத்திக்கொள்ளப் பயன்படலாம்; ஆனால் அதையே சான்றாக ஏற்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

பழைய பதிவுகளைத் தேடுதல்

செட்டிநாட்டில் இந்தத் தேவை அதிகம். முன்னோர் கட்டிய ஒரு வளவு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். வீட்டைப் பழுது பார்க்கவோ, விற்கவோ, வாடகைக்கு விடவோ முனையும்போது, இரண்டு தலைமுறைக்கு முந்தியவர்களின் இறப்புச் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள்.

வீட்டார் பெரும்பாலும் திதியைத்தான் அறிவார்கள். ஆண்டின் பெயர், தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பது மறக்காமல் இருக்கும். ஆங்கிலத் தேதி இருக்காது. பதிவேடோ ஆங்கிலத் தேதிப்படி அமைந்தது. பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு தேதியாக மாற்றிக்கொண்டு போனால்தான் தேடல் எளிதாகும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும் என்பதையும் கவனிக்க வேண்டும்: பிரபவ ஆண்டு என்பது 1927-28 ஆகவும் இருக்கலாம், 1987-88 ஆகவும் இருக்கலாம். திதி நள்ளிரவில் மாறுவதில்லை என்பதால், கணக்கிட்டு வந்த தேதிக்கு முன்னும் பின்னும் சில நாட்களைச் சேர்த்தே தேடச் சொல்ல வேண்டும். இறப்பு நேர்ந்த அன்று பதியாமல் பிறகு தெரிவித்திருந்தால், பதிவு நாள் தள்ளியிருக்கும்.

கிராமங்களின் பழைய பதிவேடுகள் ஊரில் இருப்பதில்லை. அவை வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கும். 1980-ஆம் ஆண்டில் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியம் (ஊர்த் தலைவர்) முறை ஒழிக்கப்பட்டதற்கு முந்திய பதிவுகளுக்கு, இன்றைய கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுப் பயனில்லை. தேடுதலுக்கும் நகலுக்கும் கட்டணம் உண்டு. ரசீது கேட்டுப் பெற வேண்டும். இவ்வகைச் சான்றிதழ்களை இன்னொரு முறை பெறுவது கடினம் என்பதால், ஒரே விண்ணப்பத்தில் இரண்டு மூன்று நகல்கள் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பழைய சான்றிதழில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருப்பதைப் பார்த்துப் பிழை என்று எண்ண வேண்டாம். காரைக்குடிப் பகுதி 1985 வரை அந்த மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் 1997 வரை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்று பெயர். அதுவே இன்றைய சிவகங்கை மாவட்டம். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-இல். இவற்றைத் திருத்தக் கோரி விண்ணப்பிக்கத் தேவையே இல்லை.

வெளிநாட்டில் நேர்ந்த இறப்பு

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ காலமானவரின் உடலை ஊருக்குக் கொண்டுவந்து தகனம் செய்தாலும், இறப்பை இங்குள்ள பதிவாளர் பதிய முடியாது. அந்த நாட்டு அரசு தரும் சான்றிதழே மூல ஆவணம். இந்தியக் குடிமகனாக இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 2022 மே இறுதியிலிருந்து மின்னணுச் சான்றிதழே தரப்படுவதால், பதிவிறக்கம் செய்து பல இடங்களில் சேமித்து வைக்கலாம். பர்மாவுக்கோ மலாயாவுக்கோ சென்று செய்தியே இல்லாமல் போனவர்களுக்குச் சான்றிதழ் வழி கிடையாது. ஏழாண்டு தகவல் இல்லை என்ற அடிப்படையில் உரிமையியல் நீதிமன்றத்தில் இறந்ததாக அறிவிப்புப் பெறுவதே வழி. அதற்கு வழக்கறிஞர் துணை வேண்டும்.

பிழை திருத்தம் வேண்டுமானால், பதிவு நடந்த அதே அலுவலகத்தில் ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். மூலப் பதிவை அழிக்காமல், ஓரத்தில் திருத்தம் குறித்துக் கையொப்பமிடுவது நடைமுறை. விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு பதில் சொல்லாமல் இழுத்தடித்தாலோ, காரணமின்றி மறுத்தாலோ, மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பதிவாளரின் ஆணையை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாளுக்குள் அதில் முடிவு சொல்லியாக வேண்டும். வாய்மொழியாக வந்த மறுப்பை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்வது கடினம். ஆகவே எந்த விண்ணப்பத்தையும் இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொண்ட பின்னரே வெளியே வர வேண்டும்.